அவருக்குத் தெரிய வேண்டாம்

மாத்திரையை இரண்டு கரண்டிகளுக்கு நடுவில் வைத்து அழுத்தினால் சத்தமே வராது. இதை அவள் முதல் வாரத்திலேயே கற்றுக்கொண்டாள். பொடி டீயில் விழுந்ததும் கொஞ்ச நேரம் மேலே மிதந்து அடம் பிடிக்கும். சர்க்கரையைப் போட்டு நாலு சுற்று சுற்றினால் அடங்கிவிடும். அவர் தலையைத் துவட்டிக்கொண்டு குளியலறையிலிருந்து வரும்போது டம்ளர் மேசைமேல் ஆவி பறக்கத் தயாராக இருக்கும்.

"இப்பதான் டீக்கு ருசியே தெரியுது எனக்கு" என்று ஒரு நாள் சொன்னார். குடித்துக்கொண்டிருந்த காலத்தில் காலை என்ற ஒன்றையே பார்க்காத மனுஷன். அவளுக்குச் சுருக்கென்றது. சுருக்கென்றால் என்ன, மறுநாளும் நசுக்கத்தான் செய்தாள்.

அவர் மரச் சாமான்களுக்குப் பாலிஷ் போடுகிறவர். ஊரில் எல்லாருக்கும் பாலிஷ்காரர்தான். பெயரைச் சொல்லிக் கேட்டால் யாருக்கும் தெரியாது. கை சுத்தமான வேலைக்காரர் என்பதில் எதிரிக்கும் சந்தேகம் கிடையாது. கதவு ஒன்றைத் தேய்த்து முடித்தால் அதில் முகம் பார்த்துச் சவரம் செய்துகொள்ளலாம். ஆனால் குடி வந்து உட்கார்ந்த வீட்டில் கைத்திறமை எந்த மூலைக்கு? ஒரு பணக்கார வீட்டு அலமாரிக்குக் கடைசிப் பூச்சு பூசிவிட்டு, போதையில் அதன்மேலேயே சாய்ந்து தூங்கி, சட்டைக் கட்டம் அத்தனையும் அலமாரிக் கதவில் பதிந்துபோன கதையைச் சொல்லிச் சொல்லித் தச்சர்கள் சிரித்தார்கள். அவளும் கூடச் சிரித்துவிட்டு வீட்டுக்கு வந்து அழுதாள். மகளின் பள்ளிக்கூட வாசலில் அவர் விழுந்து கிடந்த நாளில் மட்டும் யாரும் சிரிக்கவில்லை. அன்றிலிருந்து மகள் அப்பா என்று கூப்பிடுவதை நிறுத்திவிட்டாள்.

அதற்குப் பிறகுதான் மறுவாழ்வு மையத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தது. கையும் காலும் நடுங்க உள்ளே போனவர், சில மாதம் கழித்து வெளுத்த முகத்தோடும் கழுவிவிட்ட கண்களோடும் வெளியே வந்தார். வந்த பிறகு டயர் கடைக்கு மேலே இருக்கும் கூடத்துக்குச் சாயங்காலங்களில் போக ஆரம்பித்தார். குடியை விட்டவர்கள் கூடி உட்கார்ந்து பேசும் இடம் அது. அங்கே அவருக்குத் துணையாக வாய்த்தவர் ஒரு பஸ் டிரைவர். அவரும் ஒரு காலத்தில் மொடாக் குடியர்தான். நாக்கு ஊறினால், மனசு உடைந்தால், எந்த நேரமானாலும் கூப்பிடு என்று தன் நம்பரைக் கொடுத்து வைத்திருந்தார். இவரும் கூப்பிட்டார். சில நாள் பேச ஒன்றுமில்லாமல் டிரைவர் அந்த முனையில் இருக்க, இவர் போனைக் காதில் வைத்துக்கொண்டு சும்மா மூச்சு விட்டுக்கொண்டிருப்பதை அவள் அடுக்களையிலிருந்து பார்த்திருக்கிறாள்.

வீட்டு மனிதர்களுக்கும் அதே கூடத்தில் தனியாக ஒரு கூட்டம் உண்டு, வந்து பாருங்கள் தங்கச்சி என்று டிரைவர் அவளையும் அழைத்தார். அவளுக்குக் கோபம்தான் வந்தது. குடித்தது அவர், நான் எதற்குப் போய் நாலு பேர் முன்னால் உட்கார வேண்டும் என்று கேட்டுவிட்டாள். ரெடிமேட் கடையின் பின்கட்டில் மெஷின் போட்டு, ஊரார் கால்சட்டைகளை வெட்டி மடித்துத் தைத்துத்தான் அத்தனை வருஷமும் அடுப்பெரிந்தது. சாயங்காலம் ஆனால் இடுப்பு விட்டுப்போகும். அதன் பிறகு மாடிப்படி ஏறி அடுத்தவர் அழுகையைக் கேட்க அவளிடம் தெம்பில்லை. இதில் நியாயம் இல்லாமலில்லை. ஆனால் நியாயம் எல்லா நேரமும் நல்லது செய்வதில்லை.

மாத்திரையைக் கொண்டுவந்தது அக்கா. அக்காவுக்கு எல்லா நோய்க்கும் ஒரு மருந்து தெரியும். தன் வாய்க்கு மட்டும் தெரியாது.

"அவருக்குத் தெரியவே வேண்டாம்டி. டீல கலந்து குடு. குடிக்காம இருந்தா ஒண்ணும் செய்யாது. ஒரு வாய் குடிச்சாருன்னு வையி, மொகம் ரத்தமா செவந்துடும், நெஞ்சு அடிச்சுக்கும், வாந்தி எடுப்பாரு. அதுலயே தெரிஞ்சு போயிடும்."

மகள் தலைமேல் அடித்து அவர் செய்த சத்தியங்களை எண்ணினால் அந்தப் பிள்ளைக்குத் தலையே மிஞ்சியிருக்கக் கூடாது. அவர் வார்த்தையை நம்பி நம்பி அவளுக்கு அலுத்துவிட்டது. மாத்திரை பேசாது, பொய்யும் சொல்லாது. அதனால் அது பிடித்துப்போயிற்று.

மாத்திரை வந்தபோது அவர் பாலிஷ் வேலைக்குத் திரும்பியிருக்கவில்லை. தச்சுப் பட்டறையில் உப்புத்தாள் வைத்து மரம் தேய்க்கும் வேலைதான். மூக்குமுட்டத் தூசியோடு வருவார். மூஞ்சி கழுவிக்கொண்டு டயர் கடை மாடிக்குப் போவார். திரும்பி வந்து மகளின் பாடப் புத்தகத்துக்கு அட்டை போட்டுக் கொடுப்பார். ஒரு நாள் மகள் எங்கோ பார்த்துக்கொண்டு, "அப்பா, கத்தரிக்கோல் எங்க?" என்று கேட்டாள். அவர் கத்தரிக்கோலைத் தேடுகிற சாக்கில் உள் அறைக்குப் போய் வெகுநேரம் வரவில்லை.  கூடத்துச் சாவியை இனி நீயே வைத்துக்கொண்டு திறந்துவிடு என்று கூட்டத்தார் அவரிடம் கொடுத்தது அந்தச் சமயத்தில்தான். நிலையாக நிற்கிறான் என்று தெரிந்தவனுக்குத்தான் அங்கே சாவி கொடுப்பார்கள். அதை அவர் அரைஞாணில் கோத்துக்கொள்ளாத குறை.

பிறகு பெரிய வேலை ஒன்று வந்தது. பழைய நூலகக் கட்டடத்தின் கதவுகள், அலமாரிகள், படிக்கட்டுக் கைப்பிடி எல்லாவற்றுக்கும் அரக்குப் பாலிஷ். அரக்கை ஸ்பிரிட்டில் ஊறவைத்து, பஞ்சைத் துணியில் சுற்றி நனைத்து, வட்டம் வட்டமாகத் தேய்த்துக்கொண்டே போக வேண்டும். ஈரத்தில் தூசி விழுந்தால் வேலை கெட்டுவிடும் என்று ஜன்னல்களைச் சாத்திவிட்டுத்தான் செய்வார்கள். இப்போதெல்லாம் அதைச் செய்ய ஆள் கிடையாது. பட்டறை முதலாளி இவரைத்தான் கெஞ்சினார். இவர் டிரைவரிடம் யோசனை கேட்டார். ஸ்பிரிட் டப்பாவை முதலாளியே பூட்டி வைத்து, வேண்டியதை மட்டும் கிண்ணத்தில் ஊற்றிக் கொடுப்பது என்று பேசி முடிவாயிற்று. அவளிடமும் சொன்னார். அதுவும் சாராய இனம்தான், ஆனால் குடித்தால் கண் போய்விடும், அந்தக் காலத்திலேயே அதைத் தொட்டதில்லை, பயப்படாதே என்றார். அவள் தலையாட்டினாள். மனசுக்குள் மாத்திரை இருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

வேலை தொடங்கிய அன்றே, விளக்கு வைக்கும் நேரத்துக்கு, அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குள் வந்தார். முகம் அடி வாங்கியது போல் சிவந்திருந்தது. கண் சிவப்பு, கழுத்தில் நரம்பு துடிக்கிறது. சட்டையில் ஸ்பிரிட் வாடை. நேராகக் கொல்லைக்குப் போய்க் குடம் குடமாக வாந்தி எடுத்தார்.

"என்னன்னே தெரியலை. நெஞ்சு வெடிச்சிடும்போல இருக்கு. மொகத்துல தண்ணி அடி" என்றார்.

அவள் தண்ணீர் கொடுத்தாள்.  உள்ளே என்னவோ ஒன்று இற்று விழுந்த மாதிரி இருந்தது, அவ்வளவுதான். அக்கா சொன்ன அடையாளம் ஒன்று பாக்கியில்லாமல் எல்லாம் கண்முன்னால் இருக்கிறது. இதற்கு மேல் சாட்சி எதற்கு?

அன்றைக்கு அவள் ஒன்றும் கேட்கவில்லை. அவராகத்தான் சொன்னார், சத்தியமாக எதையும் தொடவில்லை என்று. சத்தியம் என்ற சொல்லைக் கேட்டதும் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மறுநாள் காலை இரண்டு மாத்திரைகளை நசுக்கினாள். அக்காவிடம் போனில் சொன்னபோது, கையும் களவுமாக மாட்டிக்கொண்டார் பார்த்தாயா என்று அக்கா குதூகலித்தாள். நாய் வாலை நிமிர்த்த முடியுமாடி என்றாள். அவளுக்கு அந்தக் குதூகலம் பிடிக்கவில்லை. 

சில நாள் ஓய்வுக்குப் பிறகு அவர் மறுபடி நூலக வேலைக்குப் போன அன்று, இரண்டாம் முறை இன்னும் மோசமாக வந்தது. வழியிலேயே உட்கார்ந்துவிட்டார். யாரோ ஆட்டோவில் ஏற்றி அனுப்பினார்கள். மகள் ஓடிப்போய் அவர் வாயருகே முகர்ந்து பார்த்துவிட்டு, சட்டையில்தான் வாடை, வாயில் இல்லை என்றாள். நீ வாயை மூடு, உனக்கென்ன தெரியும் என்று அவள் பிள்ளையை அடக்கினாள்.

அவர் டிரைவரைக் கூப்பிட்டார். டிரைவர் பஸ் டிப்போவிலிருந்து காக்கிச் சட்டையைக்கூட மாற்றாமல் நேரே வந்தார். இருவரையும் உட்கார வைத்துப் பொறுமையாகப் பேசினார். இவன் பொய் சொன்னால் எனக்குத் தெரியும், நானே ஆயிரம் பொய் சொன்னவன், இந்தப் பேச்சில் பொய் இல்லை, உடம்பில் வேறு ஏதோ கோளாறு, டாக்டரிடம் காட்டுவோம் என்றார்.

"கோளாறெல்லாம் ஒண்ணுமில்லைண்ணே. இவரு குடிச்சிருக்காரு."

"பாத்தீங்களா தங்கச்சி?"

"பாக்க வேண்டியதில்லை. எனக்குத் தெரியும்."

"எப்படித் தெரியும்?"

மாத்திரையால் என்று சொல்லியிருக்கலாம். நாக்கின் நுனியில்தான் நின்றது. ஆனால் சொன்னால் மறுநாள் முதல் அந்த மனுஷன் அவள் கையால் பச்சைத் தண்ணீர்கூட வாங்கமாட்டார்; மாத்திரையும் போய்விடும், பிறகு வெறும் வார்த்தையை நம்பிக்கொண்டு கிடக்க வேண்டும். அதனால் டிரைவரின் கண்ணை நேராகப் பார்த்தபடி, கூட வாழ்கிறவளுக்குத் தெரியாதா என்று மட்டும் சொன்னாள். அவள் முகத்தில் இருந்த அந்த உறுதியைப் பார்த்து டிரைவருக்கே பேச்சு தடுமாறியது. அவர் மெல்லத் திரும்பி நண்பனைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கேள்வி இருந்தது.

பாலிஷ்காரர் அதைப் பார்த்துவிட்டார். இடுப்பிலிருந்து கூடத்துச் சாவியை எடுத்து டிரைவரின் உள்ளங்கையில் வைத்தார். வீட்டுக்காரியே நம்பாதபோது இது என்னிடம் இருப்பது முறையில்லை என்றார். டிரைவர் வேண்டாம் வேண்டாம் என்று சொன்னார். ஆனால் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

மறுநாள் காலை அவள் துணிமணிகளைப் பையில் அடைத்தாள். இன்னொரு தடவை குடித்தால் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போய்விடுவேன் என்று மையத்து வாசலிலேயே சொல்லித்தான் அவரை அழைத்து வந்தாள். சொன்ன சொல் காப்பாற்ற வேண்டாமா? அவர் தடுக்கவில்லை. மேசைமேல் இருந்த டீயை எடுத்து, பழக்க தோஷத்தில் குடித்தார். ஆம், அன்றைக்கும் கலந்திருந்தாள். தான் இல்லாத வீட்டில் அவரை யார் காவல் காப்பது என்ற எண்ணம்தான். இதில் விசித்திரம் என்னவென்றால் அது அன்பு. அவள் அதை அன்பு என்றுதான் நினைத்தாள்.

வாசலில் மகள் திரும்பி நின்று, "அப்பா குடிக்கலைம்மா" என்றாள். அவர் பிள்ளையைப் பார்த்து, "நானும் அப்படித்தான் நெனைக்கிறேன்" என்றார். என்ன ஒரு பதில் என்று அவளுக்கு எரிச்சலாக இருந்தது. அதன் அர்த்தம் அப்போது புரியவில்லை.

அவர் வேலைக்குப் போகவில்லை. உச்சி வெயிலில் மதுக்கடைக்குப் போயிருக்கிறார். குடிக்காமலே குடிகாரன் என்றால் குடித்துவிட்டே இருந்துவிடலாமே என்று தோன்றியிருக்கும். யாரைக் குறை சொல்ல? ஆனால் அந்த நிலையிலும் டிரைவருக்குப் போன் போட்டிருக்கிறார். டிரைவர் ஓட்டிக்கொண்டிருந்ததால் எடுக்கவில்லை. திரும்பக் கூப்பிட்டபோது கடைப் பையன் எடுத்தான்; ஆள் அரை கிளாஸ்கூட முடிக்கவில்லை, விழுந்துவிட்டார், மூச்சு இழுக்கிறது என்றான்.

அவள் கடையில் ஒரு கால்சட்டைக்குக் கீழ்மடிப்பு போட்டுக்கொண்டிருந்தாள். சேதி வந்ததும் மெஷினிலிருந்து துணியை எடுக்கக்கூட இல்லை. ஆஸ்பத்திரிக்கு அவள் போய்ச் சேர்ந்தபோது அவரைச் சுற்றி நாலு பேர் நின்றிருந்தார்கள். மூக்கில் குழாய், இரண்டு கையிலும் மருந்து ஏறுகிறது. சிவப்பெல்லாம் வடிந்து, தேய்த்த பலகை மாதிரி வெளுத்துக் கிடந்தார். டிரைவர் கால்மாட்டில் நின்று அவர் பாதத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

டாக்டர் இளவயதுப் பெண். குடித்த அளவுக்கும் உடம்பு போயிருக்கிற நிலைமைக்கும் பொருத்தமே இல்லை என்றாள். ரத்த அழுத்தம் அதலபாதாளத்தில் இருக்கிறது. குடியை நிறுத்துவதற்கென்று ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறாரா என்று கேட்டாள்.

"இல்லைங்க டாக்டர்" என்றார் டிரைவர். "அந்த மாத்திரை இவனுக்கு ஆகவே ஆகாதுன்னு மையத்துலயே சொல்லிட்டாங்க. ஸ்பிரிட்டுல வேலை செய்யற ஆளு. அந்த மாத்திரை உடம்புல இருந்தா, குடிக்கவே வேணாம், வாடை பட்டாலே ஆளைத் தூக்கிடும்னாங்க. அதனால குடுக்கலை."

அவள் காதில் அது ஒவ்வொரு சொல்லாக விழுந்தது. வாடை பட்டாலே. சாத்திய ஜன்னல்கள், கிண்ணத்து ஸ்பிரிட், நாள் முழுக்க அதன்மேல் குனிந்து தேய்க்கும் மனுஷன். சுவரைப் பிடித்துக்கொண்டு வந்த முகம். மொகத்துல தண்ணி அடி என்ற குரல். ஐயோ, அவர் குடிக்கவில்லை. முதல் முறையும் குடிக்கவில்லை, இரண்டாம் முறையும் குடிக்கவில்லை. 

ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, பேசாமல் இருந்துவிடலாமா என்றும் நினைத்தாள். இதை மறைக்க முடியாது. நினைத்தது உண்மைதான்.

"சாப்பிடறாரு" என்றாள். "அவருக்குத் தெரியாது. நான்தான் டீல கலந்து குடுத்தேன். இப்ப கொஞ்ச நாளா ரெண்டு ரெண்டா. இன்னைக்குக் காலையிலயும்."

டாக்டர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. மாத்திரையின் பெயரை மட்டும் கேட்டு உள்ளே போய், நர்ஸிடம் வேகமாக ஏதோ சொன்னாள். டிரைவர் பாதத்தைத் தேய்ப்பதை நிறுத்தாமல், அவளை நிமிர்ந்து பார்க்காமல் சொன்னார்.

"அன்னைக்கு எனக்கும் சந்தேகம் வந்துடுச்சு. அவனைப் பாத்து வரலை. உங்க மொகத்தைப் பாத்து வந்துச்சு."

அவர் பிழைத்துக்கொண்டார். உயிர் போகிற இடம் வரை போய்விட்டுத் திரும்பினார் என்று நர்ஸ் சொன்னாள். இதயத்துக்கு அடி பட்டிருக்கிறது, இனிப் பழையபடி நாள் முழுக்க நின்று வேலை செய்ய முடியுமா என்று போகப்போகத்தான் தெரியும் என்றாள் டாக்டர்.

அடுத்த நாள் காலை வார்டில் அவர் கண் விழித்தபோது அவள்தான் பக்கத்தில் இருந்தாள். டிரைவர் கதவோரம் நின்றிருந்தார். அவளைக் கண்டதும் அவர் கண்ணில் நீர் முட்டியது. ஊசி குத்திய கையைத் தூக்கிக் கும்பிடப் பார்த்தார்.

"மன்னிச்சுடு. இந்தத் தடவை நெசமா குடிச்சுட்டேன்."

அவளுக்கு அங்கேயே செத்துவிடலாம் போலிருந்தது. கும்பிட்ட கையைப் பிடித்துக் கீழே இறக்கினாள். பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். அக்கா, கரண்டி, சர்க்கரை, ஒன்று இரண்டானது, ஸ்பிரிட் வாடை, ஒன்றையும் விடவில்லை. சொல்லும்போது அழக் கூடாது என்று வைராக்கியமாக இருந்தாள். அழுதால் அவர் அவளைத் தேற்ற ஆரம்பித்துவிடுவார், அவருடைய குணம் அப்படி.

அவர் கூரையைப் பார்த்தார்.

"அப்போ நான் குடிக்கலை, இல்ல?" என்றார்.

"இல்லைங்க. நீங்க குடிக்கலை."

"நீ அவ்வளவு அடிச்சுச் சொன்னியா, எனக்கே பயம் வந்துடுச்சு. எனக்கே தெரியாம குடிச்சுட்டு மறந்து போறேனோன்னு. பைத்தியம் பிடிக்குதோன்னு. நடந்து வந்த வழியெல்லாம் ஒவ்வொரு கடையா நின்னு கேட்டேன், நேத்து நான் இங்க வந்தேனான்னு."

  மகள் வாசலில் நின்று சொன்னதற்கு அவர் தந்த பதிலின் அர்த்தம் இப்போதுதான் அவளுக்கு எட்டியது. குடியால் போகாத புத்தியை அவள் போக்கடிக்கப் பார்த்திருக்கிறாள்.

அவர் தலையைத் திருப்பினார், அவள் பக்கமாக அல்ல. கதவோரம் நின்றவரிடம் உங்கள் வீட்டில் கொஞ்ச நாளைக்கு ஒரு மூலை கிடைக்குமா என்று கேட்டார். டிரைவர் ஒரு முறை அவளைப் பார்த்துவிட்டு, கிடைக்கும் என்றார்.

கோபமாகக் கேட்டிருந்தால் அவள் சண்டை போட்டிருப்பாள். சண்டை அவளுக்குப் பழக்கம். அவர் குரலில் கோபம் இல்லை. களைத்துப்போன ஒருவன் உட்கார இடம் கேட்கிற குரல்தான். அவள் சேலைத் தலைப்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, தனக்கே கேட்காத குரலில் கேட்டாள்.

"அந்த வீட்டு ஆளுங்க கூட்டத்துக்கு... நான் வரட்டுமாங்க?"



"வா" என்றார். "நான் வராத நாளாப் பாத்து வா."